எம்.ஆர்.ராதாவும் என் ஓ.பி.யும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் நீளமான திரெட். டீ ஏதாச்சும் எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

நடிகவேள் எம்.ஆர்.ராதாவைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். "டாக்டருக்கு எதுக்குய்யா ராதா?"ன்னு கேப்பீங்க. அவர் செத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அவரால இன்னமும் என் ஓ.பி.யில எனக்கு வேலை வந்துக்கிட்டேதான் இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடுறேன். (நோயாளி யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

நான் வேலை பார்க்கிறது மதுரைக்குப் பக்கத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில. வெறும் எம்.பி.பி.எஸ்.தான், தோல் ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. காலையில உக்காந்தா ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சாலே பெரிய விஷயம். அப்படி ஒரு நாள் ஒரு புரோட்டா மாஸ்டர் வந்தார். வயசு ஐம்பதை ஒட்டி இருக்கும். முதுகுலயும் முன்கையிலயும் வெளுத்த தேமல். வலது கை சுண்டு விரல்லயும் மோதிர விரல்லயும் ஆறாத சூட்டுக் காயம். நான் பார்த்தது தேமலை மட்டும். "அரிக்குதாண்ணே?"ன்னு கேட்டேன். "இல்லைங்க சார்"னார். படர்தாமரைக்குப் போடுற களிம்பு ஒண்ணு, காயத்துக்கு ஒண்ணு, எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். புரோட்டாக் கல்லு முன்னாடி நிக்கிறவர் கையில சூட்டுக் காயம் இல்லாமயா இருக்கும்? இதுதான் என்னோட கணக்கு.

எட்டு மாசம் கழிச்சு திரும்ப வந்தார், சம்சாரத்தோட. இந்தத் தடவை அந்த ரெண்டு விரலும் உள்பக்கமா மடங்க ஆரம்பிச்சிருந்துச்சு. "கல்லு சுடுறதே தெரிய மாட்டேங்குது சார். பழகிருச்சு போல"ன்னார்.

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. முழங்கைக்குப் பின்னாடி உள்பக்கமா ஒரு நரம்பு ஓடும். கதவுல இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் சுர்ருன்னு கரண்ட் அடிக்குமே, அதேதான். தடவிப் பார்த்தேன். கயிறு மாதிரி தடிச்சுக் கிடந்துச்சு. கண்ணை மூடச் சொல்லி பேனா முனையால தேமல் மேல தொட்டேன். "தொடும்போது சொல்லுங்கண்ணே"ன்னேன். அவர் ஒண்ணுமே சொல்லலை.

அரிக்காத தேமல். சூடு தெரியாத விரல். ரெண்டுமே எட்டு மாசத்துக்கு முன்னாடி என் மேஜைக்கு முன்னாடியே இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன். கூட்டம் ஜாஸ்தி, நேரம் கம்மின்னு ஆயிரம் சொல்லலாம். தப்பு என்னோடதுதான்.

"அண்ணே, இது தொழுநோய். மாத்திரை இருக்கு, இலவசமாத் தருவோம், முழுசா குணமாயிடும்"னு சொன்னேன். பின்னாடி சொன்ன மூணும் அவர் காதுல விழவே இல்லை. அந்த அக்கா மெதுவா அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. அவர் என்கிட்ட மருந்து பத்திக் கேக்கலை, கை சரியாகுமான்னும் கேக்கலை. சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம புள்ளைக மேல சத்தியமா நான் எந்தப் பொம்பளைகிட்டயும் போனதில்ல."

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சர்க்கரைன்னு சொல்லியிருந்தா இப்படி சத்தியம் பண்ணியிருப்பாரா? டி.பி.ன்னு சொல்லியிருந்தா? தொழுநோய்ங்கற வார்த்தையைக் கேட்டதும் ஒரு மனுசன் தன் ஒழுக்கத்துக்கு ஜாமீன் தேடுறார்னா, அந்த எண்ணம் அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

எனக்குத் தெரியும். ஏன்னா என் வீட்டுக்கும் அது அங்கேர்ந்துதான் வந்துச்சு.

எங்கப்பா திருமங்கலம் பக்கம் மைக் செட் வச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி எதுவா இருந்தாலும் எங்க குழாய்தான் கட்டுவாங்க. காலையில சாமி பாட்டு, மத்தியானம் சினிமாப் பாட்டு, பந்தி முடிஞ்சு ஆளுக அசந்து உக்காந்தப்புறம் வசன கேசட். திருவிளையாடல் ஓடும், விதி ஓடும். ஆனா "ரத்தக் கண்ணீர் போடுப்பா"ன்னு எந்த ஊர்லயும் யாராவது ஒரு பெருசு கேட்டுரும். அந்தக் கேசட் தேய்ஞ்சு தேய்ஞ்சு அப்பா மூணு தடவை புதுசு வாங்கினார். எனக்குப் பத்து வயசுல ராதா முகம் சரியாத் தெரியாது, குரல் முழுக்க மனப்பாடம். அடித் தொண்டையில ஆரம்பிச்சு, நடுவுல உடைஞ்சு, கீச்சுன்னு மேல போய், ஒரு இழுவையோட கீழ வந்து உக்காருமே, அந்தக் குரல். மிமிக்ரி பண்ற யாரும் அந்தக் குரலைப் பண்ணிப் பார்க்காம இருந்ததில்லை.

எங்க தெருவுக்கு கையில துணி சுத்தின ஒரு தாத்தா பிச்சைக்கு வருவார். எங்க அப்பத்தா ரத்தக் கண்ணீரை நாடகமாவே பார்த்தவங்க. அவருக்கு கஞ்சி ஊத்தும்போது ஒரு முழம் உசரத்துலேர்ந்து ஊத்துவாங்க, ஏனம் பட்டுரக் கூடாதாம். நாங்க பிள்ளைங்க எல்லாம் அவருக்கு வச்ச பேரு "மோகனசுந்தரம்". படத்துல ராதாவோட பாத்திரத்துப் பேரு. நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கேன். ராதா குரல்லயே கூப்பிட்டிருக்கேன். இப்ப எழுதும்போது கூசுது.

சரி, ராதாவுக்கு வருவோம்.

1907 ஏப்ரல் 14-ல் சென்னையில பிறந்தவர். எம்.ஆர்.னா மெட்ராஸ் ராஜகோபால், ராதாங்கறது ராதாகிருஷ்ணன். அப்பா பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போர்ல இறந்து போனார். சின்ன வயசுலயே அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு ஓடினவர் ராதா. தட்டுல ஒரு மீன் துண்டு குறைஞ்சதுதான் சண்டைன்னு ஒரு கதை சொல்வாங்க. ஓடின பையன் போய்ச் சேர்ந்தது நாடகக் கம்பெனியில.

பாய்ஸ் கம்பெனின்னா இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏழெட்டு வயசுப் பசங்களை எடுத்து, சோறு போட்டு, பாட்டு, வசனம், அடவு எல்லாம் அடிச்சுச் சொல்லிக் கொடுத்து, ஆண் வேஷம் பெண் வேஷம் ரெண்டையும் அவங்களையே போட வைக்கிற நாடகக் குழு. இதுல நம்ம மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பிச்சது மதுரையிலதான். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பசங்களா நடிக்க வந்த சபா அது. இன்னிக்கும் சுண்ணாம்புக்காரத் தெருவுல நாடக நடிகர் சங்கம் இருக்கு. திருவிழா சீசன்ல வள்ளி திருமணத்துக்கு ஆள் பேச சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து அங்கேதான் வருவாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நடக்கும். அப்பா மைக் செட்டோட போவேன், ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்துலயே தூங்கிருவேன்.

ராதா வளர்ந்தது இந்த மாதிரிக் கம்பெனி சோத்துல. பள்ளிக்கூடப் படிப்புன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஆனா மேடை அவருக்கு எல்லாத்தையும் கத்துக் கொடுத்துச்சு. மைக் பரவலா வர்றதுக்கு முன்னாடி, கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிறவனுக்கும் காது குளிரக் கேக்கணும்னா தொண்டையை எப்படி வச்சுக்கணும்ங்கறது உட்பட. அந்தக் குரல் மேடை கொடுத்த குரல்.

1937-ல் ராஜசேகரன் படத்துல சினிமாவுக்கு வந்தார். சந்தனத் தேவன், பம்பாய் மெயில்னு சில படங்கள் நடிச்சார். அப்புறம் சினிமாவை விட்டுட்டு நாடகத்துக்கே திரும்பிட்டார். எல்லாரும் மேடையிலேர்ந்து சினிமாவுக்கு ஏறிக்கிட்டு இருந்த காலத்துல இவர் இறங்கி வந்தார்னு நினைக்காதீங்க. அவருக்கு மேடைதான் மேல.

இழந்த காதல், விமலா அல்லது விதவையின் கண்ணீர், போர்வாள், லட்சுமிகாந்தன், கலைஞர் எழுதின தூக்குமேடைன்னு நாடகங்கள். கருணாநிதிக்குக் கலைஞர்னு பேர் வந்ததே இந்த தூக்குமேடை காலத்துல ராதாவாலதான். பெரியார்கிட்ட முழுசா ஈடுபட்டவர். ராமாயணத்தைக் கிண்டல் பண்ணி நாடகம் போட்டார். கல்லடி விழும், கலாட்டா நடக்கும், போலீஸ் தடை வரும், அடுத்த ஊர்ல வேற பேர்ல நாடகம் நடக்கும். 1954-ல் சென்னை மாகாண அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்த தனியா ஒரு சட்டமே கொண்டு வந்துச்சு. அது ராதாவை மனசுல வச்சுத்தான்னு அப்பவே பேச்சு. அவர் கொள்கை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காம போகலாம், அது வேற விஷயம். ஒரு நடிகனைப் பார்த்து அரசாங்கம் சட்டம் போடுதுன்னா அந்த ஆள் சாதாரண ஆள் இல்லை.

அதே 1954, தீபாவளி. ரத்தக் கண்ணீர் படம் வந்துச்சு.

திருவாரூர் கே.தங்கராசு எழுதின நாடகம். படமாவதற்கு முன்னாடியே ராதா ஊர் ஊராப் போட்டுப் புகழ் வாங்கின நாடகம், படம் வந்தப்புறமும் ஆயிரக்கணக்கான தடவை போட்டார். படத்தை இயக்கினது கிருஷ்ணன்–பஞ்சு. ராதாவுக்கு அப்ப வயசு 47. சினிமாவை விட்டு ஒதுங்கி இருந்த ஒரு ஆள், 47 வயசுல கதாநாயகனா வந்து, அதுவும் பாதிப் படத்துக்கு மேல நோயாளி வேஷத்துல வந்து, ஒரு தலைமுறையையே பிடிச்சு உக்கார வச்சார்.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வெளிநாட்டுல படிச்சுட்டு வர்ற பணக்காரன் மோகனசுந்தரம். ஊரை, மொழியை, பெத்த தாயை, கட்டின மனைவியை எல்லாரையும் எகத்தாளமாப் பேசுறான். காந்தாங்கற தாசிகிட்ட (எம்.என்.ராஜம்) சொத்தை எல்லாம் விடுறான். தொழுநோய் வருது. காந்தா வீட்டை விட்டு விரட்டுறாங்க. பிச்சை எடுத்து அலையுறான். கடைசியில தன் மனைவியைத் தன் நண்பனுக்கே (எஸ்.எஸ்.ராஜேந்திரன்) கட்டி வச்சுட்டு, என்னை மாதிரி எவனும் கெட்டுப் போகாம இருக்க எனக்கு இந்தக் கோலத்துலயே ஒரு சிலை வைங்கன்னு சொல்லிட்டுச் சாகுறான்.

இதுல நடிப்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும். போன மாசம் நைட் டூட்டி முடிஞ்சு வந்து மறுபடி முழுசாப் பார்த்தேன். நோய் வந்தப்புறம் ராதா அழவே மாட்டார்னு சொல்லலாம், அவ்வளவு குறைவு. கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பார். தன்னை, பணக்காரனை, சாமியை, சோறு போடுறவனை, சோறு போடாதவனை, யாரையும் விடலை. சிரிச்சுக்கிட்டே இருந்த நமக்கு எந்த இடத்துல தொண்டை அடைச்சுதுன்னு தெரியாது. நல்லா இருந்தப்ப திமிர் பிடிச்சவனா இருந்தவன், நோய் வந்தப்புறம் ஊர்லயே விவரமான ஆளாத் தெரியுறான். அந்த வேஷத்தைப் பரிதாபமா மட்டும் நடிச்சிருந்தா நாலு வாரத்துல மறந்திருப்போம். ராதா நடிச்சதால எழுபது வருஷமா மறக்க முடியலை.

மறக்க முடியாததுதான் என் பிரச்சினையே.

ஏன்னா அந்தப் படம் சொல்ற மருத்துவம் தப்பு. தொழுநோய் தாசி வீட்டுக்குப் போறதால வராது. உடலுறவால பரவுற நோயே இல்லை. 1873-லயே நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் இதுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிச்சுட்டார். சிகிச்சை எடுக்காத ஒருத்தரோட ரொம்ப நாள் நெருங்கிப் பழகுறப்போ மூக்கு, வாய் வழியா வர்ற துளிகள் மூலமா பரவுது. அப்படிப் பழகினாலும் நம்மள்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல இயற்கையிலயே எதிர்ப்பு சக்தி இருக்கு, வராது. வர்றவங்களுக்கும் உள்ள போன கிருமி தலைகாட்ட சராசரியா 5 வருஷம் ஆகும், சிலருக்கு 20 வருஷம் கூட ஆகும். எங்கே, யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு அந்த ஆளுக்கே தெரியாது. இதுல பாவம் எங்கே இருக்கு, புண்ணியம் எங்கே இருக்கு?

விரல் உதிர்ந்து விழும்ங்கறதும் தப்பு. கிருமி தாக்குறது நரம்பை. நரம்பு போனா வலி தெரியாது. வலி தெரியாத கை சூட்டுல படும், கத்தியில படும், முள்ளுல படும், புண்ணு வரும், சீழ் பிடிக்கும், எலும்பு கரையும். நம்ம மாஸ்டரோட சுண்டு விரல் மாதிரி. வலி ஒரு தொல்லைன்னு நினைக்கிறோம், இல்லாதவன் கையைப் பார்த்தாத்தான் அருமை தெரியும்.

படம் வந்தப்ப மருந்து இல்லையேன்னு சொல்லாதீங்க. இருந்துச்சு. 1940கள்லயே செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்துட்டார். டாப்சோன் நம்ம மாநிலத்துல புழக்கத்துக்கு வந்த காலம் அது. வேலூர்ல பால் பிராண்ட், மடங்கின விரலை அறுவை சிகிச்சை பண்ணி நிமித்த ஆரம்பிச்சிருந்தார். ஒரு பக்கம் மருந்து வந்துக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்லதான், இன்னொரு பக்கம் கொட்டகை கொட்டகையா "இது கெட்டவனுக்கு வர்ற வியாதி"ன்னு ஆழமா ஊணப்பட்டுச்சு. மருந்தை விட நாடகம் வேகமாப் பரவும். மைக் செட் இருந்தா இன்னும் வேகம். எங்கப்பாவுக்கும் இதுல பங்கு இருக்கு.

இதுல எனக்கு ஜீரணமாகாத ஒரு விஷயம் இருக்கு. வாழ்நாள் பூரா மூடநம்பிக்கையை அடிச்சவர் ராதா. தலைவிதி, முன்வினை, தெய்வக் குத்தம் எதையும் ஏத்துக்காதவர். ஆனா அவரோட ஆகப் பெரிய வெற்றி என்ன சொல்லுது? நீ பண்ணின பாவம் உன் உடம்புல நோயா வரும்னு. இது அந்தப் பழைய முன்வினைக் கணக்குதானே? அடுத்த ஜென்மத்துக்குப் பதிலா இந்த ஜென்மத்துலயே. எழுதினவர், நடிச்சவர், கைதட்டினவர் யாருக்கும் அப்ப இது உறைக்கலை போல. பணக்காரத் திமிரை அடிக்கணும்னு சாட்டையைச் சுழட்டினாங்க, பக்கத்துல ஒண்ணுமே செய்யாம நின்ன நோயாளி முதுகுலயும் சேர்ந்து விழுந்துருச்சு.

சட்டமும் அப்படித்தான் நினைச்சுச்சு. படம் வந்த மறு வருஷம், 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டத்துல, விவாகரத்து கேக்கறதுக்கான காரணங்கள்ல தொழுநோயும் ஒண்ணு. அது எப்ப நீக்கப்பட்டுச்சு தெரியுமா? 2019. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செஞ்சது 1981-ல். முழுசா குணமாகுற நோய்னு ஆகி முப்பது வருஷத்துக்கு மேல, புருஷனுக்கு இந்த நோய்னா விட்டுட்டுப் போகலாம்னு சட்டப் புத்தகத்துல இருந்துச்சு.

ராதாவோட மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 1960கள் அவருக்கு சினிமா காலம். பாவ மன்னிப்பு, பாலும் பழமும், பலே பாண்டியா, கற்பகம், சித்தி. வில்லனும் அவர்தான், காமெடியும் அவர்தான். 1967 ஜனவரி 12, ராமாவரம் வீட்டுல எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கிட்டார். ஏன் எதுக்குங்கற பஞ்சாயத்துக்குள்ள நான் போகலை, அதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஒண்ணு மட்டும். சுட்டவர், சுடப்பட்டவர் ரெண்டு பேரையும் கொண்டு போனது அரசு ஆஸ்பத்திரிக்கு. ராயப்பேட்டையில ஆரம்பிச்சு சென்னை பொது மருத்துவமனை வரைக்கும், ரெண்டு பேர் உயிரையும் காப்பாத்தினது அரசு டாக்டருங்க. எங்களுக்கும் காலரைத் தூக்கிக்க நாலு விஷயம் வேணும்ல.

சிறைக்குப் போனார், வெளியே வந்தார், மறுபடி நடிச்சார். விந்தன் அவரைச் சந்திச்சுப் பேசி எழுதின "சிறைச்சாலைச் சிந்தனைகள்" கிடைச்சா படிங்க. 1979 செப்டம்பர் 17, திருச்சியில மஞ்சள் காமாலையில இறந்தார். அது பெரியார் பிறந்து சரியா நூறு வருஷம் நிறைஞ்ச நாள்.

இப்ப மாஸ்டர்கிட்ட வருவோம்.

அன்னிக்கு ஓ.பி.யில அந்த அக்காவை உக்கார வச்சு, "அக்கா, ரத்தக் கண்ணீர் பார்த்திருக்கீங்களா?"ன்னு நேரடியாவே கேட்டேன். "பார்க்காம?"ன்னாங்க. "அது தப்புக்கா. அண்ணன் சொல்றது உண்மை. இது காத்துல வர்ற கிருமி. அவருக்குப் பதிலா உங்களுக்கு வந்திருந்தாலும் ஒண்ணும் ஆச்சரியம் இல்லை"ன்னேன். கடைசி வாக்கியம்தான் வேலை செஞ்சுது. அவங்க முகம் மாறுச்சு. சந்தேகம் போய் பயம் வந்துச்சு. பயத்துக்கு என்கிட்ட மருந்து இருக்கு, சந்தேகத்துக்குத்தான் இல்லை. வீட்டுல எல்லாரையும் பரிசோதிச்சு, வராம தடுக்க ஒரே ஒரு தடவை ரிஃபாம்பிசின் கொடுத்தோம். அவருக்கு 12 மாசத்துக்கு மாத்திரை அட்டை. நரம்பு வீக்கத்துக்குத் தனியா ஸ்டீராய்டு. அடுத்து அவர் கேட்டது, "மானாமதுரை தயாபுரத்துக்கு அனுப்பிருவீங்களா சார்?" எங்கேயும் அனுப்ப மாட்டோம், உங்க வீட்டுலயே இருந்து சாப்பிடுங்கன்னேன்.

ரெண்டாவது நாளே போன். "சார், ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது." ரிஃபாம்பிசின் சாப்பிட்டா சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாப் போகும், முன்னாடியே சொல்லியிருந்தேன், பதட்டத்துல மறந்துட்டார். சிறுநீர் மட்டும் இல்லை, வேர்வை, எச்சில், கண்ணீர் கூட அந்த நிறத்துல வரலாம். நெசமாவே ரத்தக் கண்ணீர்தான். ஆனா இது குணமாகும்போது வர்றது.

இப்ப உங்களுக்குள்ள ஒரு கேள்வி ஓடுதுல்ல? "புரோட்டா மாஸ்டர்னு சொன்னாரே, எந்தக் கடை?"

ஓடுச்சுன்னா வெக்கப்படாதீங்க. எனக்கும் ஒரு நொடி ஓடுச்சு. டாக்டரான எனக்கே. சாப்பாடு மூலமா இது பரவாது. மாத்திரையை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குப் பரவுற தன்மையும் போயிடும். அவர் வேலை பார்க்கக் கூடாதுன்னு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது, ஒண்ணைத் தவிர: கல்லு சூடு அவர் விரலுக்குத் தெரியாது, அது அவருக்கு ஆபத்து. அதனால கொஞ்ச நாள் கல்லு வேண்டாம், மாவு பக்கம் போங்கன்னு சொன்னேன். தினமும் ராத்திரி கையைத் தண்ணியில ஊற வச்சு, எண்ணெய் தடவி, புதுக் காயம் இருக்கான்னு கண்ணால பார்க்கணும். விரல் சொல்லாததை கண்ணுதான் சொல்லணும். அதை அந்த அக்கா எடுத்துக்கிட்டாங்க, டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்களாம். கடை முதலாளிகிட்ட நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வச்சிருக்கார். பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லலை. உண்மையைச் சொல்லுங்கன்னு சொல்ற தைரியமும் எனக்கு வரலை.

உங்க உடம்புலயோ வீட்டுல யாருக்கோ அரிக்காத, தொட்டா உணர்ச்சி இல்லாத வெளுத்த தேமலோ செம்பட்டைத் தேமலோ இருந்தா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. கை காலில் மதமதப்பு, காது மடல் தடிப்பு, காரணமில்லாம புருவம் உதிர்றது, செருப்பு கழண்டது தெரியாம நடக்குறது, இதெல்லாமும் கவனிங்க. நோய் ஒழிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. பொது சுகாதாரப் பிரச்சினையா இல்லைன்னு 2005-லயே அறிவிச்சுட்டோம், ஆனா உலகத்துல புதுசா கண்டுபிடிக்கிறவங்கள்ல பாதிக்கு மேல இன்னமும் நம்ம நாட்டுலதான். உங்க டாக்டர் ரெண்டு நிமிஷத்துல களிம்பு எழுதினா, "தொட்டா தெரியல சார்"னு நீங்களே வாயைத் திறந்து சொல்லிருங்க. என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது உதவியா இருக்கும்.

மாஸ்டர் போன மாசம் 12-வது அட்டையோட வெத்துத் தாளைக் கொண்டு வந்து மேஜையில வச்சார். க்ளோஃபாசிமின் மாத்திரையால தோல் கருத்துப் போயிருந்துச்சு, போகப் போகத் தெளியும். "சார், நீங்க சொன்னதுக்கப்புறம் அந்தப் படத்தை நாங்க ரெண்டு பேரும் செல்போன்ல மறுபடி பார்த்தோம்"னார். எனக்குக் கொஞ்சம் பக்குன்னுச்சு.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"வியாதி விஷயம் பொய்யி சார். அதை விடுங்க. ஆனா அந்தாளு என்னமாப் பேசுறாரு! எங்க கடையில சோத்துக்கு வந்து நின்ன ஆளுகளை நான் பார்த்திருக்கேன், வாயைத் திறக்க மாட்டாங்க. இவரு ஒருத்தருதான் எல்லாரையும் நிக்க வச்சுக் கேக்குறாரு." அக்கா பக்கத்துலேர்ந்து, "ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதே மாதிரி பேசிக்காட்டிக்கிட்டு இருந்தாரு சார், தூங்க விடலை"ன்னாங்க. ஓ.பி.ல நடிச்சுக் காட்டச் சொன்னேன். வெளியே நாப்பது பேர் நிக்குறாங்க சார்னு மறுத்துட்டார்.

கண்ணை மூடச் சொன்னேன். பேனாவை எடுத்து மோதிர விரல்ல தொட்டேன். "தெரியுது"ன்னார். சுண்டு விரல்ல தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு, எப்பத் தொடுவேன்னு இன்னும் காத்துக்கிட்டு இருந்தார். மூணு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்கேன். கல்லு பக்கம் போகலாமான்னு அப்ப முடிவு பண்ணணும்.